நாலு பத்து வண்டி

வெயிலில் நிற்காதீர்கள் சார், இப்படி உள்ளே வந்துவிடுங்கள். ஜெராக்ஸ் எடுக்க வரவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. பஸ்ஸுக்குத்தானே? எட்டு சி, சாத்தங்கோட்டை போகிற நாலு பத்து. போனில் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். ஃபேன் சுற்றும், காற்றை எதிர்பார்க்காதீர்கள்.

கோயிலுக்கா வந்தீர்கள்? பையில் தேங்காய் மூடி தெரிகிறது. குலதெய்வமாகத்தான் இருக்கும். மேலக்கரிசலுக்கு வெளியூர் ஆள் வேறு எதற்கு வரப்போகிறார்? மெட்ராஸில் இருப்பார்கள், பெங்களூரில் இருப்பார்கள். வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று தட்டிப் போகும். குலதெய்வத்தைக் கும்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று ஜோசியர் கேட்பார். ஊர்ப் பெயர் மட்டும் யாருக்காவது ஞாபகம் இருக்கும். போனில் தேடுவார்கள், எட்டு சி என்று வரும். கிளம்பி வந்துவிடுவார்கள்.

சாத்தங்கோட்டையில் ரயில் எத்தனை மணிக்கு? ஆறேகாலா? தாராளமாகப் பிடிக்கலாம். நான் சொல்கிறேன்.

டீக்கடைக்காரன் என்ன சொன்னான்? கொரோனாவில் நின்ற பஸ், பிறகு வரவே இல்லை என்றானா? ஆமாம், வரவில்லை. அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் போனில் போட்டிருக்கிறதே, அதுவும் பொய் இல்லை. அதைப் போட்டது நான்தான். என் பெயர் தங்கபுஷ்பம். கோபப்படுவதாக இருந்தால் இப்போதே பட்டுவிடுங்கள், அப்புறம் நான் சொல்வதைக் கேளுங்கள். நேரம் இருக்கிறது. இன்றைக்கு நீங்கள் வந்ததும் நல்லதாகப் போயிற்று. உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

இது தானாக வந்த பஸ் இல்லை சார். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஊருக்குப் பாதை பிரிகிற இந்த விலக்குக்கு எந்த வண்டியும் கிடையாது. சாத்தங்கோட்டைக்கு நடைதான், இல்லாவிட்டால் செங்கல் லாரி. நாங்கள் பெண்களாகச் சேர்ந்து மெயின் ரோட்டில் போய் உட்கார்ந்தோம். தாசில்தார் வந்து எழுந்திருங்கள் என்றார். 'வயித்துல பிள்ளை இருக்கு சார், எந்திரிக்க முடியாது' என்றேன். ஆறாம் மாதம். எழுந்திருக்க முடியும். எழுந்திருக்கவில்லை. முதல் வண்டி வந்தபோது வாழைமரம் கட்டி, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்தது நான். அந்த வயிற்றுப் பிள்ளை ஜெயசுதா அதே பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போனாள், காலேஜ் போனாள்.

பஸ் வந்த பிறகும் சண்டை தீரவில்லை. டிரைவர் ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். அதோ தெரிகிறதே கருவேல மரம், அங்கே ஆள் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வரும். இவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரை மாற்றுவார். ஒருநாள் நான் பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

'கைப்பிள்ளைக்காரி ஓடி வாரா. கண்ணு தெரியலையா உமக்கு?'

'ஸ்டாப்புல வந்து நிக்கச் சொல்லும்மா. நேரம்னா நேரம்.'

'ஒரு நிமிஷம் நின்னா உம்ம பஸ் தேஞ்சா போயிரும்?'

அன்றைக்கு நின்றார். மறுநாள் பழையபடிதான். மனசாட்சி இல்லாத ஜென்மம். எப்படித்தான் இரவில் தூக்கம் வருமோ அப்படிப்பட்டவர்களுக்கு.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸைப் படம் எடுப்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஒருநாள் ஒருவன் கேமராவோடு வந்து இங்கே நின்றான். அருள்மாறன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணமானவன், நல்லபடியாகத்தான் பேசினான். பஸ் பைத்தியம். அவனும் அவனைப் போல நாலைந்து பேரும் சேர்ந்து மாவட்டப் பேருந்து விக்கி என்று ஒன்று நடத்துகிறார்கள். விக்கி என்றால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம். எட்டு சி நாலு மணிக்கு என்று ஒரு வரி போட்டு வைத்திருந்தான். 'நாலு பத்து தம்பி' என்றேன். 'அப்ப நீங்களே எழுதுங்க அக்கா. அதுக்குன்னு தனிப் பக்கமே போடுங்க' என்றான். இதோ இந்தக் கம்ப்யூட்டரில்தான் சொல்லிக் கொடுத்தான்.

எழுதினேன். எங்கே கிளம்பும், எங்கே நிற்கும், எந்த ஓடையில் மழைக்காலத்தில் தண்ணீர் போகும், எந்த நிறுத்தத்தில் இறங்கினால் எந்தச் சாமி, எல்லாம் எழுதினேன். அந்த விக்கியின் முதல் பக்கத்தில் பெரிதாக ஓர் எண் இருக்கும். மொத்த வழித்தடங்கள் நானூற்றுப் பதினொன்று. என் பக்கத்தைச் சேமித்துவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், எண் அப்படியே நிற்கிறது. அருள்மாறனுக்குப் போன் போட்டேன்.

'உங்க பக்கத்துல இருந்து வேற பக்கத்துக்கு ஒரு இணைப்பாவது இருக்கணும் அக்கா. இல்லன்னா மென்பொருள் அதைப் பக்கமாவே எண்ணாது.'

'எழுதுனது கண்ணுக்கு முன்னால இருக்கு. எண்ணாதா?'

'எண்ணாது.'

என்னிடமா? வழியில் உள்ள ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் இணைப்புக் கொடுத்தேன். கோயிலுக்குக் கொடுத்தேன், கண்மாய்க்குக் கொடுத்தேன். பாதிப் பெயருக்கு விக்கியில் பக்கமே கிடையாது, இணைப்பு சிவப்பாகத் தெரியும். தெரியட்டும். எண் நானூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. அந்தக் கடைசி ஒன்று நாங்கள். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். 'சரி, இப்ப இந்த ஆதார் கார்டை ரெண்டு காப்பி எடு' என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

பிறகுதான் கொரோனா. பஸ் நின்றது. எல்லா பஸ்ஸும்தான் நின்றது. மற்ற பஸ் எல்லாம் திரும்ப வந்தன, எட்டு சி வரவில்லை. நான் பக்கத்தில் கை வைக்கவில்லை. பஸ் வரும்போது பக்கம் தயாராக இருக்க வேண்டாமா?

ஒருநாள் பார்க்கிறேன், நானூற்றுப் பதினொன்று. சொல்கிறேன் கேளுங்கள், இந்த மாவட்டத்தில் அந்த எண்ணில் ஒன்று குறைந்ததைப் பார்த்தது நான் ஒருத்திதான். எட்டு சி என்று தட்டினால் என் பக்கம் வரவில்லை. 'நிறுத்தப்பட்ட வழித்தடங்கள்' என்று வேறொரு பக்கத்துக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிறது. அங்கே ஒரு பட்டியல். அதில் எங்களுக்கு ஒரே ஒரு வரி. அப்படித் தள்ளிவிடுகிற பக்கத்துக்கு வழிமாற்று என்று பெயராம். அதையும் மென்பொருள் எண்ணாதாம்.

போன் போட்டேன். 'எங்க தம்பி நான் எழுதினது?'

'ஒரு எழுத்துகூட அழியல அக்கா. நீங்க எழுதினது, திருத்தினது எல்லாம் வரலாறுங்கிற இடத்துல பத்திரமா இருக்கு. ஒவ்வொரு பதிப்பா எடுத்துப் பாக்கலாம்.'

'பத்திரமா இருக்குல்ல. அப்ப எண்ணிக்கைல ஏன் குறையுது?'

'எண்ணிக்கை நடப்புல இருக்கிற பக்கத்துக்கு மட்டும்தான். பழைய பதிப்பு சேராது. தேடினாலும் வராது.'

அழியாது, ஆனால் கணக்கில் வராது. இது எனக்குத் தெரியாத விஷயமா சார்? கல்யாணமானதும் எங்கள் அப்பா வீட்டு ரேஷன் கார்டில் என் பெயரை நீக்கினார்கள். இங்கே சேர்ப்பதற்கு மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் நான் சோறு தின்னாமலா இருந்தேன்?

அவனிடம் இன்னொன்று கேட்டேன். அவன் எப்போதும் புலம்புவான், சர்வரில் இடம் போதவில்லை, மாதாமாதம் கையிலிருந்து கட்டுகிறோம் என்று. 'எதுடா அவ்வளவு இடத்தை அடைக்குது?' என்றேன். 'பழைய பதிப்புங்கதான் அக்கா. இருக்கிறதைவிட இருந்ததுதான் பல மடங்கு' என்றான். பிடித்துக்கொண்டேன். 'இடத்தை அடைக்கிறப்ப கணக்குல எடுக்குற. வழித்தடம்னு எண்ணுறப்ப மட்டும் எடுக்க மாட்ட. இது எந்த ஊர் நியாயம்?'

சிரித்தான். சிரித்தால் விட்டுவிடுவேனா? வரலாற்றுக்குள் போனேன். என் பழைய பதிப்பை எடுத்தேன். சேமி என்று அழுத்தினேன். நானூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் அவன் மாற்றினான், பதினொன்று. நான் திருப்பினேன், பன்னிரண்டு. அவன் பதினொன்று. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, மொத்தத் தொகுப்புகள், அதாவது எத்தனை முறை திருத்தினார்கள் என்று இன்னோர் எண் உண்டு. யார் எதைத் தொட்டாலும் அது ஏறும். அவன் என்னை நீக்கினாலும் ஏறும், நான் அவனைத் திருப்பினாலும் ஏறும். இறங்கவே இறங்காது. நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு அந்த எண்ணை எங்கேயோ கொண்டுபோய் விட்டோம். பார்க்கிறவர்கள், ஆகா எவ்வளவு வேலை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வேலைதானே அதுவும்.

ஆதாரம் கொடுங்கள் அக்கா என்றான் ஒருநாள். டிப்போவுக்கே போனேன். மேனேஜர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். 'வழித்தடம் ரத்து ஆகலைம்மா. இயக்கம்தான் இல்ல' என்றார். பார்த்தீர்களா? ரத்து ஆகவில்லை. அவர் வாயாலேயே சொன்னார். அதைக் கொண்டுவந்து பக்கத்தில் எழுதினேன். வாய்ச்சொல் ஆதாரம் ஆகாது என்று அருள்மாறன் எடுத்துவிட்டான்.

மேனேஜர் அதோடு விடவில்லை. 'பஸ்ஸை ஓட்டினா ஏறுறதுக்கு அங்க ஆள் எங்கம்மா இருக்கு? உங்க விலக்குல யாரோ ஒரு அம்மா டிவிஎஸ்ல ஏத்திக் கொண்டாந்து விட்டுருறாங்களாமே. ஒரு புகார் வரல, ஒரு மறியல் இல்ல. ஜனங்க பாட்டுக்குப் போய்ட்டு வந்துட்டு இருக்காங்க' என்றார். 'யாரு சார் அது?' என்று கேட்டேன். 'தெரியலம்மா, பாத்தா கும்பிடணும்' என்றார். நான்தான் என்று சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸைக் காட்டு என்பார்.

ஆமாம் சார், பின்னால் நிற்கிறதே அந்த டிவிஎஸ்தான். பழசு, ஆனால் ஒருநாளும் நின்றதில்லை. முதலில் ஒரு தம்பதி வந்தார்கள், உங்களைப் போலத்தான், குலதெய்வம். பக்கத்தை நம்பி வந்துவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார், அந்த அம்மா போனைப் பார்த்தது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்? இரண்டு நடையாகக் கொண்டுபோய் விட்டேன். பிறகு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர். பிறகு பொண்ணு பார்க்க வந்த ஒரு கூட்டம், அதில் பெரியவர் இரண்டு பேரை மட்டும். காசு வாங்குவதில்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், என் வண்டியில் எல்லோருக்கும். ஊர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. ஆஸ்பத்திரி என்றால் டிவிஎஸ், பத்திரப் பதிவு என்றால் டிவிஎஸ்.

எங்கள் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். 'ஏட்டி, நீ ஒரு மாசம் வண்டியை எடுக்காத. எல்லாரும் ரோட்டுல நிக்கட்டும். அவனவன் வாயில நுரை தள்ளட்டும். பஸ் தானா வரும். நீ ஓட்டுற வரைக்கும் வராது' என்பார். அவர் அப்படித்தான், எதையும் தலைகீழாகத்தான் பார்ப்பார். வண்டியை எடுக்காமல் இருந்தால் பக்கத்தில் போட்டிருப்பது பொய் ஆகிவிடாதா? பொய் ஆனால் எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால் நானூற்றுப் பதினொன்று. அப்புறம் எந்த மேனேஜரிடம் போய் எதைக் கேட்பது? இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

ஒரே ஒருநாள்தான் தவறியது. ஜெயசுதாவுக்கு வளைகாப்பு. நான் தாய், போகாமல் இருக்க முடியுமா? கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கென்று பார்த்து ஒரு பெண் வந்திருக்கிறாள். கையில் குழந்தை, குழந்தைக்குக் காய்ச்சல். கோயிலில் வேண்டுதலை முடித்துவிட்டு நாலு பத்தைப் பிடித்துச் சாத்தங்கோட்டை டாக்டரிடம் காட்டலாம் என்று இங்கே வந்து நின்றிருக்கிறாள். டீக்கடையும் அன்றைக்கு அடைப்பு. இருட்டுகிற வரைக்கும் நின்றிருக்கிறாள். கடைசியில் செங்கல் லாரிக்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டு போனானாம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, விசாரித்துவிட்டேன். ஆனால் அவள் அந்த விக்கியிலேயே, பேச்சுப் பக்கம் என்று ஒன்று உண்டு, அதில் எழுதிவிட்டாள். இதை எழுதியவர்கள் நன்றாக இருப்பார்களா என்று எழுதியிருந்தாள். எழுதட்டும். கோபம் இருக்கும்தானே. ஆனால் என்மேல் எதற்கு? டிப்போமேல் அல்லவா இருக்க வேண்டும்?

அதற்குப் பிறகு நான் எங்கேயும் போவதில்லை. கல்யாணமோ, சாவு விழுந்த துஷ்டி வீடோ, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். பிரசவத்துக்கும் காலையில் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட்டேன். 'அம்மாவுக்கு பஸ்ஸுதான் மூத்த பிள்ளை' என்றாளாம் ஜெயசுதா. பெருமையாகத்தான் இருந்தது.

அருள்மாறன் மட்டும் அந்தப் பெண் எழுதியதைப் பிடித்துக்கொண்டான். காலையில் போன் வந்தது. எப்போதும் சிரிக்கிறவன், இன்றைக்குச் சிரிக்கவில்லை.

'அக்கா, பக்கம் தப்பா இருந்தா திருத்திக்கலாம். அதைப் பாத்துட்டு ஒரு ஆள் வெயில்ல நிக்கக் கூடாது. இன்னைக்கு வேலை முடிஞ்சு வந்து வழிமாற்றைப் போட்டுப் பூட்டிருவேன். பூட்டிட்டா உங்களால திருப்ப முடியாது.'

'நாலு பத்துக்கு வண்டி கிளம்புது தம்பி.'

'நீங்க சொன்னா ஆகாது அக்கா. நீங்க எழுதின ஆள். வேற யாராவது, ஒரே ஒரு பயணி, நாலு பத்துக்கு ஏறினேன்னு எழுதட்டும். விட்டுருறேன்.'

'எழுதுவாங்க' என்று சொல்லிவிட்டேன். ஊரில் யாரும் எழுத மாட்டார்கள் சார். கேட்டுப் பார்த்தேன். 'பஸ்ஸே இல்லையே, என்னன்னு எழுத?' என்கிறார்கள். என் வண்டியில் உட்கார்ந்துகொண்டே சொல்கிறார்கள். மத்தியானம் சாப்பிடப் போகாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறீர்கள். குலதெய்வம் உங்களுக்கு மட்டுமா?

அதனால் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுங்கள். அந்தப் பக்கத்துக்கு மேலே 'பேச்சு' என்று இருக்கும், அதைத் தொடுங்கள். உங்கள் பெயரைப் போட்டு, நாலு பத்துக்கு மேலக்கரிசல் விலக்கில் ஏறினேன், ஐந்து மணிக்குள் சாத்தங்கோட்டையில் இறங்கினேன் என்று எழுதுங்கள். அவ்வளவுதான். எந்த வண்டி, எத்தனை சக்கரம், யார் ஓட்டியது, ஒன்றும் வேண்டாம். இதில் ஒரு சொல் பொய் என்றால் இப்போதே சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

யோசியுங்கள், தப்பில்லை. யோசித்துக்கொண்டே எழுந்திருங்கள், மணி ஆகிறது. நான் ஷட்டரை இறக்குகிறேன். பையை முன்னால் மாட்டுங்கள், கொக்கி இருக்கிறது. ஹெல்மெட் ஒன்றுதான், அது பயணிக்கு. போட்டுக்கொள்ளுங்கள். என் பின்னால் உட்கார வெட்கமா? போன மாதம் ஒரு சாமியாரே உட்கார்ந்து வந்தார், கமண்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. கால் வைக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கள், சைலன்சர் சுடும்.

நாலு ஒன்பது. இருங்கள். முன்னாலேயும் கிளம்பக் கூடாது.

பத்து. சரியா, உட்கார்ந்தாயிற்றா?

என்ன சார், எங்கே பார்க்கிறீர்கள்? கருவேல மரத்தடியிலா? ஆமாம், யாரோ ஒருத்தி ஓடி வருகிறாள். வெளியூர்க்காரிதான், கையில் போன் இருக்கிறது. இடுப்பில் பிள்ளை போலிருக்கிறது. கையை வீசுகிறாள், பார்த்தேன், கண்ணாடியில் தெரிகிறது. இடம் இல்லாமல் இல்லை சார், முன்னால் ஒட்டி உட்கார்ந்தால் மூன்று பேர் தாராளமாகப் போகலாம். ஆனால் மரத்தடி ஸ்டாப் இல்லை. அவளுக்காக நின்றால் நாலு பன்னிரண்டு ஆகிவிடும், நீங்கள் எழுதப்போவது பொய்யாகிவிடும். இத்தனை வருடம் கட்டிக் காத்தது ஒரு நிமிடத்தில் போய்விடும். நிற்கட்டும், திரும்பி வந்து ஏற்றிக்கொள்கிறேன். எங்கே போய்விடப் போகிறாள்?

திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், வண்டி ஆடுகிறது. நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குக் கிளம்பினால்தான் சார், அது பஸ்.